சொல்லும் அகமும்: அமெரிக்க நாவலின் கறுப்பினப் பாத்திரங்களும் மலேசிய நாவலின் தோட்டத் தமிழரும்

முன்னுரை

பேராக் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது பாகான் டத்தோ. 2017ஆம் ஆண்டு தனி மாவட்டமாக உயர்த்தப்பட்ட இப்பகுதி தென்னைக்குப் பெயர்பெற்றது. ரப்பரும் செம்பனையும் இங்கு உண்டு. பெரட்டுக் களம், லயம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி என்னும் ஐந்தும் சேர்ந்ததே இங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் உலகம். இக்கட்டுரையாளரின் தந்தையார் இவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாகப் பணியாற்றியவர். லயத்திலிருந்து ஓர் இளம்பெண் நாள்தோறும் எங்கள் வீட்டிற்கு ஏவல் வேலைக்கு வருவார். நாங்கள் அவரை 'அக்கா' என்று அழைத்தோம். அவர் எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டது நினைவில் உள்ளது. ஒருநாள் பின்கட்டில் அமர்ந்து தேங்காய் துருவியபடியே அவர் அழுதுகொண்டிருந்ததும் நினைவில் உள்ளது. ஏன் அழுதார் என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின்னர், முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டில் தங்கியிருந்தபோது, ஓர் அமெரிக்க நாவலில் வரும் அடிமைத் தாயின் மௌனத்தைப் பற்றி டோனி மோரிசன் எழுதிய பக்கங்களை வாசிக்க நேர்ந்தது. வீட்டில் எவரும் கேளாத அந்தக் கேள்வி அப்போதுதான் மனத்தில் எழுந்தது. இக்கட்டுரையின் தொடக்கம் அதுவே.

தன் இனத்தைச் சாராதவரையோ, தனக்குக் கீழ்ப்பட்டவராகச் சமூகம் வைத்திருப்பவரையோ ஒரு நாவல் படைக்கும்போது, அப்படைப்பை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? இழிசொல் இடம்பெற்றுள்ளதா எனத் தேடுவது வழக்கமான அளவுகோல். அப்பாத்திரத்திற்கு 'அகம்' வழங்கப்பட்டுள்ளதா எனக் கேட்பது மற்றோர் அளவுகோல். இரண்டாவதே முதன்மையானது என்பதையும், அதைக் கையிலெடுத்தால் பிறர் எழுதிய நாவல்களோடு நம்முடையவற்றையும் நம் இலக்கண மரபையும் சோதிக்க வேண்டிவரும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

ஒரே ஆண்டில் இரு நாவல்கள்

2011ஆம் ஆண்டு இரு நாடுகளில் இரு நாவல்கள் ஒரே வகையான வழக்கில் சிக்கின. மார்க் டுவெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' அமெரிக்காவில் 1885இல் வெளிவந்த நாவல். கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் அதில் இருநூறு முறைக்கும் மேல் வருகிறது. பேராசிரியர் ஆலன் கிரிபென் அச்சொல்லை நீக்கி, அவ்விடத்தில் 'அடிமை' என்னும் சொல்லை இட்டுப் புதிய பதிப்பொன்றைக் கொணர்ந்தார். அச்சொல் இருப்பதாலேயே பள்ளிகள் நாவலைக் கைவிடுகின்றன. சொல்லை மாற்றினால் நாவல் வகுப்பறைக்குத் திரும்பும் என்பது அவர் வாதம். வரலாற்றை வெள்ளையடிப்பதாகும் என்பது எதிர்வாதம்.

அதே மாதங்களில் மலேசியாவில் அப்துல்லா ஹுசேனின் 'இன்டர்லோக்' நாவல் விவாதப் பொருளாயிற்று. 1971இல் வெளிவந்த இந்நாவல், சேமான் என்னும் மலாய்க்காரர், சின் ஹுவாட் என்னும் சீனர், மணியம் என்னும் இந்தியர் ஆகிய மூவரின் குடும்பக் கதைகளைத் தனித்தனிப் பகுதிகளில் கூறி, நான்காம் பகுதியில் அவற்றைப் பின்னிப் பிணைப்பது. அதன் ஆசிரியர் 1996இல் நாட்டின் இலக்கியவாணர் விருது பெற்றவர். ஐந்தாம் படிவ மாணவர்க்கான இலக்கியப் பாடநூலாக நாவல் வைக்கப்பட்டபோது, மணியம் பகுதியில் 'பறையா' என்னும் சொல் ஆளப்பட்ட விதத்தையும், தென்னிந்தியச் சமூகங்களின் வழக்கங்கள் பிழையாகக் கூறப்பட்டிருப்பதையும் சுட்டி இந்தியச் சமூகத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசு குழு அமைத்தது, திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. இறுதியில் 2011 டிசம்பரில் நாவல் பாடத்திட்டத்திலிருந்தே மீட்டுக்கொள்ளப்பட்டது. அதே ஆசிரியரின் 'கொன்செர்தோ தெராக்ஹிர்' என்னும் நாவல் அவ்விடத்தை நிரப்பியது.

இரு விவாதங்களும் சொல் ஒன்றனைச் சுற்றியே சுழன்றன. அச்சொற்கள் புண்படுத்துவன என்பதில் ஐயமில்லை. வகுப்பறையில் அச்சொல் உரக்க வாசிக்கப்படும்போது, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவன் தலை குனிகிறான். அக்குனிவைப் பொருட்படுத்தாத திறனாய்வு திறனாய்வாகாது. எனினும் சொல்லை நீக்கியபின் எஞ்சுவது எது என்னும் வினா இரு நாடுகளிலும் போதிய அளவு கேட்கப்படவில்லை.

மலேசிய விவாதத்தில் மற்றொரு சிக்கலும் இருந்தது. பறையர் என்பது வாழும் ஒரு சமூகத்தின் பெயர். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய அப்பெயர், ஆங்கிலத்திலும் மலாயிலும் ஒதுக்கப்பட்டவன், இழிந்தவன் என்னும் பொருளில் வசைச்சொல்லாகத் திரிந்தது. அத்திரிபை எதிர்ப்பது நியாயம். ஆனால் எதிர்ப்புக் குரல்களுள் ஒரு பகுதி, இந்நாட்டிற்கு வந்தோர் எல்லாரும் அச்சாதியினர் அல்லர் என்னும் மறுப்பாக ஒலித்தது. வரலாற்று அடிப்படையில் அம்மறுப்பு சரியானதே. ஆயினும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பறையர் குலத்து மாணவர் ஒருவருக்கு அது எத்தகைய ஆறுதலைத் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாவல் ஒருமுறை இழித்ததை, மறுப்பு மறுமுறை உறுதிப்படுத்திற்று எனல் மிகையாகாது.

டோனி மோரிசனின் வினா

1993இல் நோபல் பரிசு பெற்ற டோனி மோரிசன், அதற்கு முந்தைய ஆண்டில் 'இருளில் விளையாடல்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறிய திறனாய்வு நூலை வெளியிட்டார். வெள்ளை எழுத்தாளரின் நாவல்களில் கறுப்பினத்தவர் நல்லவராகக் காட்டப்பட்டுள்ளனரா, தீயவராகக் காட்டப்பட்டுள்ளனரா என அவர் கணக்கெடுக்கவில்லை. கறுப்பினப் பாத்திரம் அந்நாவலில் யாருக்காக உழைக்கிறது என்று கேட்டார். வெள்ளைப் பாத்திரம் தன்னைச் சுதந்திரமானவனாக, தூயவனாக, அறிவுடையவனாக உணர்வதற்கு அருகில் ஒரு கறுப்பு உருவம் தேவைப்படுகிறது. தோட்டத்தில் உழைப்பதைப் போலவே அவ்வுருவம் கதையிலும் கூலியின்றி உழைக்கிறது என்பது அவர் கண்டறிந்ததன் சாரம்.

இதற்கு அவர் விரிவாக எடுத்துக்கொண்ட சான்று, வில்லா கேதர் 1940இல் வெளியிட்ட 'சஃபைராவும் அடிமைப் பெண்ணும்' என்னும் நாவல். நோயால் நாற்காலியில் முடங்கிய எசமானி சஃபைரா, தன் கணவன் நான்சி என்னும் இளம் அடிமைப் பெண்ணை விரும்புவதாக ஐயுறுகிறாள். நான்சியைச் சீரழிப்பதற்கென்றே உறவினன் ஒருவனை வீட்டிற்கு வரவழைக்கிறாள். இறுதியில் சஃபைராவின் மகளே நான்சியைக் கனடாவிற்குத் தப்புவிக்கிறாள். மோரிசன் சுட்டுவது நான்சியின் தாயாகிய டில்லை. தன் மகளைச் சூழ்ந்த ஆபத்து அத்தாய்க்குத் தெரியாமலிருக்க வழியில்லை. ஆயினும் அவள் எதுவும் கேட்பதாக நாவல் காட்டுவதில்லை. மகள் தப்பிச் சென்றபின் ஒரேயொரு முறை, தணிந்த குரலில், செய்தி ஏதும் வந்ததா என விசாரிக்கிறாள். அடிமைப் பெண்ணுக்குத் தாய்மையின் பதைப்பு இருக்கும் என்பதே ஆசிரியையின் கற்பனைக்கு எட்டவில்லை. அல்லது அதை எழுதினால் எசமானியின் கதை நிற்காது.

மார்க் டுவெய்னின் நாவலையும் இவ்வகையில் நோக்கலாம். தப்பியோடிய அடிமையாகிய ஜிம், ஓரிரவு தன் சிறு மகளை நினைத்துப் புலம்புகிறான். சொன்னதைச் செய்யவில்லை என்று அவளை அடித்திருக்கிறான். காய்ச்சலில் அவள் செவிடாகிவிட்டதை அதன் பின்னரே அறிந்திருக்கிறான். இழிசொல் நிறைந்த அந்நாவலில் ஜிம்முக்கு முழுமையான அகம் கிடைக்கும் இடம் அது. ஆனால் இறுதி இயல்களில் டாம் சாயர் என்னும் சிறுவனின் விளையாட்டுக்காக ஜிம் அடைபட்டுக் கிடந்து, பூச்சிகளோடும் பாம்புகளோடும் அல்லலுற்றுச் சிரிப்பூட்டும் உருவாக மாற்றப்படுகிறான். அவனது எசமானி தன் இறப்பாவணத்திலேயே அவனை விடுவித்துவிட்டாள் என்பதை டாம் முன்பே அறிவான். இழிசொல் எல்லாவற்றையும் நீக்கிய பதிப்பிலும் இவ்விறுதி இயல்கள் அப்படியேதான் இருக்கும். ஜிம்முக்கு நேர்ந்த பெரிய இழிவு சொல்லில் இல்லை. கொடுத்த அகத்தைப் பறித்துக்கொண்டதில் உள்ளது.

இரக்கமும் அகம் ஆகாது. 1852இல் நூலாக வந்த ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'டாம் மாமாவின் குடில்' அடிமைமுறைக்கு எதிராகப் பல இலட்சம் வாசகரைத் திரட்டிய நாவல். ஆனால் அதன் நாயகனைத் துன்பத்தைத் தாங்கும் ஒரு புனித உருவாக மட்டுமே அது விட்டுவைத்தது என்பதை, 1949இல் எழுதிய கட்டுரையில் ஜேம்ஸ் பால்ட்வின் கடுமையாகச் சாடினார். தோட்டத் தொழிலாளரைக் கண்ணீரின் வடிவமாகவே காணப் பழகிய நம் எழுத்துக்கும் இக்கண்டனம் பொருந்தும்.

அடியோரும் வினைவலரும்

இவ்வினா தமிழ் மரபிற்குப் புறம்பானது எனக் கருத வேண்டியதில்லை. எவருக்கு அகம் உரியது என்பதை வெளிப்படையாகவே பேசிய இலக்கணம் நம்முடையது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், அன்பின் ஐந்திணைக்கு உரிய தலைமக்களைப் பேசிய பின்னர், அடியோரையும் வினைவலரையும் அவ்வைந்திணைக்குப் புறத்தே நிறுத்துகிறது. பிறருக்குக் குற்றேவல் செய்வோர்க்கு அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றும் வழுவாது ஒழுகுதல் அரிது என்பது இளம்பூரணர் காட்டும் காரணங்களுள் ஒன்று. ஆகவே அவர்கள் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியராயினர்.

இக்காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏவல் செய்வோர்க்கு அன்பு இல்லை என உரையாசிரியர் கூறவில்லை. அவர்களுடைய நேரம் அவர்களுக்குச் சொந்தமில்லை என்கிறார். காலையில் பெரட்டுக்கு நின்று, பிறர் குறித்த வரிசையில் பிறர் மரத்தை வெட்டியவருக்கு இது விளங்காத செய்தியன்று. ஆனால் ஒடுக்குமுறையை இவ்வளவு சரியாக இனங்கண்ட உரை, அதையே விலக்குவதற்கான காரணமாக்கிவிடுகிறது. நேரம் பறிக்கப்பட்டவனிடமிருந்து அகமும் பறிக்கப்படுகிறது.

விலக்கப்பட்டோர் கவிதையில் எவ்வாறு வருகின்றனர் என்பதற்குக் கலித்தொகையின் மருதக்கலி சான்று தருகிறது. அங்கே வரும் கூனியும் குறளனும் அரண்மனை ஏவலர். ஒருவர் உடலை மற்றவர் எள்ளி, ஊடி, பின் கூடுகின்றனர். அவர்களுடைய சொல்வன்மை கூர்மையானது. ஆனால் வாசகர் சிரிப்பதற்கென நிறுத்தப்பட்டவை அவர்களின் உடல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரின் காதலையும் சண்டையையும் நடித்துக் காட்டிய கேளிக்கையோடு இதை ஒப்பிடும்போது வேறுபாடுகள் பல உண்டு. உடலால் சிரிப்பூட்டுதல் என்னும் உத்தி மட்டும் ஒன்றே.

பழனியாயி

மலாயாவின் தோட்டத் தமிழரை உலக வாசகருக்கு முதன்முதலில் பரவலாக அறிமுகம் செய்த நாவல்களுள் ஒன்று ஆன்ரி ஃபோகோனியேவின் 'மலேசி'. பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டு 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது. மறு ஆண்டே 'மலாயாவின் ஆன்மா' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்தது. ஆசிரியர் 1905இல் மலாயாவிற்கு வந்து சிலாங்கூரில் ரப்பர் பயிரிட்டவர். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவான தென்னமரம் தோட்டத்தோடும் அவர் பெயர் இணைந்துள்ளது. செம்பனைத் தொழிலின் தொடக்கமே ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது சுவையான முரண்.

நாவலின் கதைசொல்லி ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரன். அவனது தோட்டத்தில் உழைப்போர் தமிழர். பழனியாயி என்னும் தமிழ்ப் பெண்ணோடு அவனுக்கு உறவு உண்டு. பழனியாயி இழித்துரைக்கப்படவில்லை, அவளது மேனியும் நடையும் வியந்து வருணிக்கப்படுகின்றன. ஆனால் துரையின் பங்களாவிற்குச் செல்லும்போது அவள் என்ன நினைத்தாள், மறுநாள் பெரட்டில் நின்றபோது லயத்துப் பெண்கள் முகத்தை எவ்வாறு எதிர்கொண்டாள், அவளால் மறுத்திருக்க இயலுமா என்பவை நாவலின் வினாக்கள் அல்ல. இதற்கு மாறாக, மலாய்ப் பாத்திரமாகிய ஸ்மாயிலுக்கு மனம் உண்டு. அவனது கொந்தளிப்பே நாவலின் உச்சம். மலாய்ப் பந்துன் நாவல் நெடுகப் போற்றப்படுகிறது. மலாயாவின் 'ஆன்மா' மலாய்க்காரரிடத்தும், மலாயாவின் உடலுழைப்பு தமிழரிடத்தும் பங்கிடப்பட்டுவிட்டன. ஆசிரியரின் தனிப்பட்ட நல்லெண்ணம் எத்தகையதாயினும், இப்பங்கீடு தோட்ட நிருவாகத்தின் கணக்கேட்டோடு ஒத்துப்போகிறது.

1903இல் வெளிவந்த டூ பாயிஸின் 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அந்நூலின் இயல்கள் அடிமைகள் பாடிய துயரப் பாடல்களின் இசைக்குறிப்புகளைத் தலையில் தாங்கியவை. ஆன்மா என்னும் சொல்லைத் தம் மக்களுக்காக உரிமை கோரியவர், அதற்குச் சான்றாக அம்மக்களின் பாட்டையே முன்வைத்தார். பால்மரம் வெட்டிய பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் மலாயாவின் ஆன்மாவைத் தேடிய நாவலில் அத்தகைய இடத்தைப் பெறவில்லை.

மணியம்

மீண்டும் 'இன்டர்லோக்'கிற்கு வருவோம். மூன்று இனங்களின் கதையையும் ஒரே நாவலில் சம இடம் தந்து எழுத முனைந்த அப்துல்லா ஹுசேனின் நோக்கம் உயர்ந்தது. மணியத்திற்கு ஒரு முழுப் பகுதியை அவர் ஒதுக்கியதும் மறுக்கலாகாதது. குறை எங்குள்ளது? கேரளத்திலிருந்து வரும் மணியத்தைச் சுற்றித் தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மொழியினரின் பெயர்களும் வழக்கங்களும் பிரித்தறியப்படாமல் கலந்துள்ளமை 2011இல் எழுந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இதைத் தகவல் பிழை என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஒருவனைத் தனிமனிதனாகக் காண்பவர் அவன் எந்த ஊரான், எந்த மொழியில் கனவு காண்பான் என்று கேட்பார். ஓர் இனத்தின் மாதிரியாகக் காண்பவருக்கு அக்கேள்வி எழாது.

மணியம் பகுதியில் கதைசொல்லி அடிக்கடி விளக்கவுரையாளராக மாறிவிடுகிறார். இந்தியர் இவ்வாறு செய்வர், அவர்களிடையே இன்ன வழக்கம் உண்டு என்னும் முறையில் செல்லும் விளக்கம், மணியத்தை வாசகருக்கு எதிரே நிறுத்தி அறிமுகம் செய்கிறது. அவனோடு சேர்ந்து நடக்கும் வாய்ப்பு வாசகருக்குக் குறைந்துவிடுகிறது. 'பறையா' என்னும் சொல் புண்படுத்துவதற்கும் இதுவே காரணம். கப்பலில் வந்த ஒருவன் அச்சொல்லைத் தன் வாழ்நாள் முழுதும் எவ்வாறு சுமந்தான், கடல் கடந்தபின் அதைக் கழற்றி எறிய எப்படித் துடித்தான் என்று அகத்திலிருந்து எழுதப்பட்டிருந்தால், அதே சொல் வாசகரைக் குற்றவுணர்வில் ஆழ்த்தியிருக்கும். வகைப்பாட்டுப் பெயராக வரும்போது அது வாசகருக்கு ஒரு தகவலாகவும், பின்வரிசை மாணவனுக்கு ஓர் அடியாகவும் விழுகிறது.

நாவல் மீட்டுக்கொள்ளப்பட்டதில் இழப்பும் உண்டு. தோட்டத்திற்கு வந்த இந்தியன் ஒருவன் எல்லா இன மாணவரும் படிக்கும் மலாய் இலக்கியப் பாடநூலில் நுழைந்திருந்தான். அவன் குறையோடு நுழைந்தான் என்பதால் வெளியேற்றப்பட்டான். அவ்விடத்திற்கு, அகம் வாய்த்த வேறொரு தோட்டத்து மாந்தரைக் கொணரக் கோரும் முயற்சி எதிர்ப்பின் அளவிற்கு எழவில்லை.

கிராணி வீட்டுப் பிள்ளைகள்

பிறர் எழுதியதில் அகம் இல்லை எனில், நாம் எழுதியதில் உண்டா? கெடா, பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் (1942–2020) ஆங்கிலத்தில் எழுதிய 'திரும்புதல்' எனப் பொருள்படும் நாவல் 1981இல் வந்தது. மருத்துவமனையில் சலவைத் தொழிலாளியாக இருக்கும் நைனாவின் மகன் ரவி கதைசொல்லி. ஆங்கிலக் கல்வி ரவிக்குச் சொல்வளத்தை, தன்னைத் தானே நோக்கும் திறத்தை, ஒரு முழு அகத்தைத் தருகிறது. ஆனால் அக்கல்வி ஏற ஏறத் தந்தை அவனுக்கு விளங்காதவராகிறார். தமக்கு உரிமைப்பத்திரம் இல்லாத நிலத்தில் வீடு கட்டி, அதை விட மறுத்து, பல மொழிகள் கலந்த புலம்பலோடு அவ்வீட்டிலேயே தீயில் முடிகிறார் நைனா. அவர் மனத்துள் என்ன நிகழ்ந்தது என்பதை ரவியால் மொழிபெயர்க்க இயலவில்லை. இந்நாவலின் சிறப்பு, அவ்வியலாமையை மறைக்காமல் தன் காயமாகவே வெளிப்படுத்துவது.

ஈப்போவைச் சேர்ந்த பிரீத்தா சமரசனின் ஆங்கில நாவல் 2008இல் வெளிவந்தது. 'மாலைப்பொழுதே நாள் முழுதும்' எனப் பொருள்படும் அதன் தலைப்பு, மிளைப்பெருங்கந்தனாரின் குறுந்தொகைப் பாடல் ஒன்றிலிருந்து ஏ.கே. இராமானுசனின் மொழிபெயர்ப்பு வழியாக எடுக்கப்பட்டது. ஈப்போவில் வழக்கறிஞர் ஒருவரின் பெரிய வீடு. அங்கே ஏவல் வேலை செய்யும் ஏழை இளம்பெண் செல்லம். வீட்டின் பாட்டி இறந்த பின்னர், பழி சுமத்தப்பட்டுச் செல்லம் வெளியேற்றப்படுகிறாள். நாவல் அங்குத் தொடங்கிக் காலத்தில் பின்னோக்கிச் செல்கிறது. செல்லத்தின் சம்பளம் குடிகாரத் தந்தையின் கைக்குப் போய்விடுகிறது. வீட்டின் இரகசியங்கள் கலைந்துவிடாமல் இருக்க, சொல்லால் எதிர்த்து நிற்க இயலாத ஒருத்தி தேவைப்படுகிறாள்.

மோரிசன் கேதரிடம் கண்டதையே சமரசன் தமிழ் நடுத்தர வர்க்க வீட்டில் காண்கிறார். ஒரு வேறுபாடு உண்டு. கேதரின் நாவல் தன் குருட்டிடத்தை அறியாது. சமரசனின் நாவல் அதை அறிந்தே எழுதப்பட்டது. பழி யார்மீது, ஏன் விழுந்தது என்பதை வாசகர் கண்டறியும் வகையில் கதை பின்னோக்கி அவிழ்கிறது. தலைவியின் ஏக்கத்தைப் பாடும் முல்லைப் பாட்டின் பெயரை ஒரு வேலைக்காரப் பெண்ணின் வீழ்ச்சிக் கதைக்குச் சூட்டியிருப்பதும் பொருள் பொதிந்தது. ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட வினைவலர் ஒருத்தி, ஐந்திணைப் பாட்டின் பெயர் சூடிய வீட்டிற்குள் நுழைந்துவிட்டாள். இங்கே கறுப்பு, வெள்ளை என்னும் நிற வேறுபாடு இல்லை; இருதரப்பும் தமிழரே. ஆயினும் பாத்திர அமைப்பு ஒன்றாகவே இருக்கிறது. இனம் செய்யும் வேலையை வர்க்கமும் சாதியும் செய்யக்கூடும் என்பதற்கு இந்நாவல் சான்று.

ஜேம்ஸ்

அகம் பறிக்கப்பட்ட பாத்திரத்திற்கு அதைத் திருப்பித் தர இயலுமா? பெர்சிவல் எவரெட் 2024இல் வெளியிட்டு, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற 'ஜேம்ஸ்' என்னும் நாவல் இதற்கு ஒரு விடை. ஹக்கிள்பெரியின் கதையை ஜிம்மின் வாய்மொழியாக அது மீண்டும் கூறுகிறது. இதில் அடிமைகளுக்கு இரு மொழிகள் உண்டு. தமக்குள் திருத்தமாகப் பேசுவோர், வெள்ளையர் முன்னிலையில் அவர்கள் எதிர்பார்க்கும் கொச்சையைப் பேசுகின்றனர். அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் கற்பிக்கின்றனர். ஜேம்ஸுக்காக ஒருவன் பென்சில் ஒன்றைத் திருடித் தருகிறான், அதற்காகவே கொல்லப்படுகிறான். அப்பென்சிலால் ஜேம்ஸ் தன்னை எழுதுகிறான். இழிசொல்லை எவரெட் நீக்கவில்லை. அதைக் கேட்கும் செவிக்குப் பின்னே ஒரு மனத்தை வைத்துவிட்டார்.

இரு மொழி என்பது தோட்டத்தில் வளர்ந்தோர்க்குப் புதிதன்று. துரைக்கு முன் ஒரு குனிவு, லயத்தில் அதே துரைக்கு ஒரு பட்டப்பெயர். ஆங்கிலத்தில் ஒரு தோட்டப் பெயர், தமிழர் வாயில் வேறொரு பெயர். வெளியிலிருந்து எழுதியோர் முதல் மொழியை மட்டும் கேட்டனர். இரண்டாம் மொழியைக் கேட்டு எழுத வேண்டியவர் நாம்.

அவ்விரண்டாம் மொழிக்குத் தொழில் நுட்பமும் இடமும் வேண்டும். தோட்டம் என்றாலே ரப்பர் என்னும் பழக்கம் நம் புனைகதையில் ஊறியுள்ளது. உளியும் மங்கும் தவறாமல் வரும். பாகான் டத்தோவின் தென்னந்தோட்டத்து வேலைநாள் வேறு. நீண்ட மூங்கிலின் நுனியில் அரிவாள் கட்டி அண்ணாந்து காய் பறித்தல், நட்ட கூர்இரும்பில் மட்டை உரித்தல், கொப்பரைச் சூளையின் புகையில் நிற்றல் ஆகியவற்றால் கழுத்தும் மணிக்கட்டும் கண்ணும் வேறு வகையில் நோகும். நோவு வேறாயின் நினைவும் வேறு, பாட்டும் வேறு. பொதுவான துன்பத்தை எழுதுவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். அங்கேயே தனிமனிதனும் தவறிப்போகிறான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இழிசொல்லை நீக்குவது வகுப்பறை அறம். அது இலக்கிய மதிப்பீடு ஆகாது. இரண்டாவது, பிற இனப் பாத்திரம் ஒன்றன் தரத்தை அளக்க, அது எவருடைய கதைக்காக உழைக்கிறது, அதற்குத் தன் நேரமும் தன் துயரும் தன் மறுப்பும் உண்டா என்று வினவ வேண்டும். மூன்றாவது, இவ்வினா அமெரிக்கரையும் பிரெஞ்சுக்காரரையும் மலாய் எழுத்தாளரையும் நோக்கியது மட்டுமன்று. அடியோரையும் வினைவலரையும் புறத்தே நிறுத்திய நம் மரபையும், அவர்களை ஏவல் கொண்ட நம் வீடுகளையும் நோக்கியது.

பள்ளிகளில் இலக்கியம் கற்பிக்கும் நம் மாணவர்க்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். எந்நாவலைப் படித்தாலும், அதில் மிகக் குறைவாகப் பேசும் ஏவலர் ஒருவரைத் தேர்ந்து, அவர் இல்லாவிடில் கதை எங்கே நின்றுபோகும் என்று கண்டறியச் செய்க. பின்னர் அவர் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதச் செய்க. மோரிசன் சுட்டிய தாய் ஒரு முறைதான் கேட்டாள். செல்லத்தின் சார்பில் கேட்க வீட்டில் எவரும் இல்லை.

பாகான் டத்தோவில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அழுதவருக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது இருக்கலாம். இக்கட்டுரையாளரால் அவரைப் பற்றி ஒரு கதை எழுத இயலாது. எழுதுவதற்குத் தேவையான ஒன்றை அன்று கேட்டறியவில்லை. அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இன்று ஏதேனும் ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் எழுதட்டும். அவ்வாறு எழுதும்போது கிராணி வீட்டுச் சிறுவன் அக்கதையில் ஏவல் பாத்திரமாக வந்து போவான். அது முறையே.